24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் எடுத்த பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

பெங்களூரு யஷ்வந்த்பூர் ஏபிஎம்சி மார்க்கெட் யார்டில் டிஎன் 28, டிஎன் 52 என்று பலகை போட்ட லாரி எதற்குள் ஏறிப் பார்த்தாலும் மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், சாமி படத்தைச் சுற்றி எல்இடி சரம், டிரைவர் முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் எல்லாம் இருக்கும். வண்டி 24 வோல்ட். இந்தச் சாமான்களோ பெரும்பாலும் 12 வோல்ட். இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்துத்தான் 24 வருகிறது என்பதால், நடுவிலிருந்து ஒரு வயரை இழுத்தால் 12 கிடைத்துவிடும். பத்து நிமிட வேலை, செலவும் இல்லை. பிறகு வருகிற முக்கால்வாசித் தொல்லைக்கும் அந்த ஒரு வயர்தான் காரணம்.

பேசுவதற்கு வசதியாக இரண்டு பேட்டரிக்கும் பெயர் வைத்துக்கொள்வோம். நெகட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருப்பது கீழ் பேட்டரி. அதன் பாசிட்டிவிலிருந்து ஒரு தடித்த குட்டைக் கேபிள் அடுத்ததன் நெகட்டிவுக்குப் போகும். அது நடு லிங்க். அந்த அடுத்தது மேல் பேட்டரி. அதன் பாசிட்டிவிலிருந்துதான் செல்ஃபுக்கும் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) டைனமோவுக்கும் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) கேபிள் போகிறது. பெட்டிக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். மேல், கீழ் என்பது சர்க்யூட் கணக்குக்கு மட்டும்.

முதலில் மீட்டரை எடுங்கள்

பேட்டரி பார்க்க வருகிறவர்களில் நிறையப் பேர் இரண்டு கடைசி முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, 25 வோல்ட் காட்டினால் "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மொத்த வோல்ட்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கீழே 12.1, மேலே 12.9 இருந்தாலும் கூட்டினால் 25தான். ஒன்று பாதி காலி, இன்னொன்று ததும்பி வழிகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும்.

அதனால் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வண்டி சில மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு ஒரு தடவை. அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலுக்கு மேலே கொஞ்சம் ரேஸ் கொடுத்து இன்னொரு தடவை. நின்ற நிலையில் முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது மொத்தம் 27.6-இலிருந்து 28.8-க்குள் இருக்க வேண்டும். அதில் ஒவ்வொன்றின் பங்கும் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இந்த நான்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் கீழே வருவதில் பாதியைப் படிக்கவே தேவையிருக்காது.

கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள். எதைக் கழற்றுவதானாலும் கீழ் பேட்டரியின் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில். நடு லிங்க்கில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் வெறும் 12 வோல்ட்தானே என்று தோன்றும். ஸ்பேனர் அந்த இடத்திலேயே பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பேட்டரி அடிக்கடி சாகிறது, இன்னொன்று தண்ணீர் குடிக்கிறது

கலாசிப்பாளையம் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது.

"அண்ணே, ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினது. இது மட்டும் போயிடுச்சு. கம்பெனிக்காரன் பழசைத் தலையில கட்டிட்டான்."

"பாட்டு வயரை எங்க தம்பி மாட்டியிருக்க?"

"பேட்டரியிலதான்."

"எந்த பேட்டரியில?"

அதற்கப்புறம் பதில் வராது.

நடப்பது என்னவென்றால், ராத்திரி ஹால்ட்டில் பாட்டும் ஃபேனும் சேர்ந்து 6 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்தில் 30 ஆம்பியர்-ஹவர். அத்தனையும் கீழ் பேட்டரியிலிருந்து மட்டுமே போகிறது. மேல் பேட்டரிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. காலையில் வண்டியை எடுத்தால் டைனமோ இரண்டையும் ஒரே கரண்டில்தான் சார்ஜ் செய்யும். தொடர் இணைப்பில் வேறு வழி கிடையாது. டைனமோவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பார்ப்பது மொத்த வோல்ட்டை மட்டும். மொத்தம் 28.2 வந்ததும் கரண்டைக் குறைத்துவிடும். அந்த 28.2-க்குள் கீழே 13.0, மேலே 15.2 என்று பிரிந்திருப்பது அதற்குத் தெரியாது.

13 வோல்ட்டில் கீழ் பேட்டரி ஒருநாளும் முழுதாக ஏறாது. பாதி சார்ஜிலேயே கிடந்து கிடந்து தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். 15.2-இல் மேல் பேட்டரி கொதிக்கும். தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து வெளியேறும். அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது ஒரு பேட்டரிக்கு மட்டும் அரை லிட்டர் போகிறது, பக்கத்தில் இருப்பது ஒரு சொட்டுக்கூடக் கேட்பதில்லை. பெட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் விஷயம் முற்றிவிட்டது. அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் குடிக்கிற பேட்டரிதான் கெட்டது என்று நினைத்து அதை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகப் போட்டதும் கொஞ்ச நாளில் அதே மாதிரி கொதிக்க ஆரம்பிக்கும்.

உறுதிசெய்ய, பேட்டரித் தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போதும். முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் (பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று) 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். கீழ் பேட்டரியின் ஆறு செல்லும் சீராக 1.200 பக்கம் இருந்தால் அது பட்டினி. காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஐந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் மிகவும் கீழே கிடந்தால் அந்த செல் போய்விட்டது, 12 வோல்ட் வயர்மேல் பழி போட வேண்டாம்.

வைத்தியம்: நடுவிலிருந்து எடுத்த வயரைக் கழற்றுங்கள். நடு லிங்க்கையும் கழற்றி, ஒவ்வொரு பேட்டரியையும் 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக முழுக்க ஏற்றுங்கள். அப்புறம் 12 வோல்ட் சாமான்கள் எல்லாவற்றுக்கும் 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். அதன் உள்ளீடு மேல் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வர வேண்டும். பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் ஃபியூஸ். இப்படிச் செய்தால் எவ்வளவு இழுத்தாலும் இரண்டு பேட்டரியும் சமமாகவே குறையும்.

மாதத்துக்கு ஒருமுறை மேலும் கீழும் இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கும் டிரைவர்கள் உண்டு. கொஞ்ச காலம் தள்ளும். ஆனால் இரண்டு பேட்டரியும் சமமாகக் கெட்டுப்போவதற்கு அது வழி. அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பேட்டரி ஒன்று நிஜமாகவே போயிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒரே திறன், ஒரே வகை, ஒரே வயசு. பழசும் புதுசும் தொடரில் இருந்தால் திறன் குறைந்த பழசு முதலில் காலியாகும், முதலில் நிறைந்து கொதிக்கவும் செய்யும். காசு கையைக் கடிக்கிறது என்றால், ஏறக்குறைய அதே வயசுள்ள நல்ல பேட்டரியைத் தேடுவது புதுசு ஒன்று வாங்குவதைவிட மேல்.

கன்வெர்ட்டர் போட்டும் பழைய கதைதான்

ஆடியோவுக்குப் பின்னால் கையை விட்டு மஞ்சள் வயரைப் பிடியுங்கள். வெளியில் வாங்கிப் பொருத்தும் மியூசிக் சிஸ்டங்களில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு பாசிட்டிவ் வரும். சிவப்பு என்பது சாவி போட்டதைச் சொல்லும் வயர் மட்டும். அதில் போகிற கரண்டு சொற்பம். ஸ்பீக்கரை ஆட்டுகிற முழுக் கரண்டும் மஞ்சளில்தான் வருகிறது. அவசரத்தில் வேலை செய்கிறவர் சிவப்பைக் கன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டு, "மஞ்சள் மெமரிக்குத்தானே" என்று அதைப் பழைய நடு வயரிலேயே விட்டுவிடுவார். கன்வெர்ட்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். கீழ் பேட்டரி முன்போலவே காலியாகும்.

இரண்டையும் கன்வெர்ட்டருக்கே கொண்டுபோங்கள். சாவி அணைத்ததும் கன்வெர்ட்டரும் அணையும்படி செய்தால் கடிகாரமும் ஸ்டேஷன் மெமரியும் அழியும். அழியட்டும், நேரம் பார்க்கக் கையில் போன் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன்வெர்ட்டரின் 12 வோல்ட் வெளியீடும் பழைய நடு வயரும் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா? எல்இடி சரத்துக்குக் கொடுத்த கிளை வயரில்தான் இது வழக்கமாக ஒளிந்திருக்கும். நடு வயரைப் பேட்டரி முனையிலேயே கழற்றி டேப் சுற்றிவிட்டு, எந்தச் சாமானாவது செத்துப்போகிறதா என்று பாருங்கள். எது சாகிறதோ அது இன்னும் மாற்றப்படவில்லை.

கன்வெர்ட்டர் வேண்டாம், ஈக்வலைசர் போடுகிறேன் என்றால் அதுவும் சரிதான். அது மேல் பேட்டரியிலிருந்து கீழ் பேட்டரிக்குக் கரண்டை மாற்றி இரண்டையும் சமமாக்கும். நடு வயர் அப்படியே இருக்கலாம். ஆனால் 5 ஆம்பியர் ஈக்வலைசர் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் 15 ஆம்பியர் இழுத்தால் அது ஈடுகொடுக்காது. கொஞ்ச நேரம் அதிகமாக இழுத்து நெடுநேரம் சும்மா இருக்கும் சாமான்களுக்குத்தான் அது பொருந்தும். பாட்டும் ஃபேனும் விடிய விடிய ஓடும் வண்டிக்குக் கன்வெர்ட்டர்தான்.

செல்ஃப் இழுக்கவில்லை, பாட்டு மட்டும் ஜம்மென்று பாடுகிறது

நடு லிங்க் விட்டுவிட்டது. கீழ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே 12 வோல்ட் வயர் மாட்டியிருப்பதால் பாட்டுக்கு எல்லாம் கிடைக்கிறது. 24 வோல்ட் பாதை மட்டும் அறுந்துவிட்டது. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு, மீட்டரின் ஒரு முள்ளை லிங்க்கின் ஒரு பக்கத்துப் பேட்டரி முனையிலும் மறு முள்ளை எதிர்ப்பக்க முனையிலும் வையுங்கள். லிங்க் சரியாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். அறுந்திருந்தால் 25 வரை காட்டும். வெளியே பார்க்க லக் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) இறுக்கமாக இருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும்.

12 வோல்ட் வயரை லிங்க்கின் மறுபக்கத்தில், அதாவது மேல் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டியிருந்தால் இதே கோளாறு பாட்டோடு நிற்காது. லிங்க் அறுந்த நிமிடத்தில் செல்ஃபும் ஹெட்லைட்டும் தங்கள் கரண்டை ஆடியோ வழியாகத் தலைகீழாக இழுக்கப் பார்க்கும். ஆகவே ஈக்வலைசர் போட்டு நடு வயரை வைத்துக்கொள்கிறவர்கள், அது கீழ் பேட்டரியின் பாசிட்டிவில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

செல்ஃப் பட்டனை அழுத்தியதும் ஆடியோ ஃபியூஸ் போகிறது

இது ஆடியோவின் குற்றம் இல்லை. கீழ் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் செல்ஃப் கரண்டு திரும்பி வரப் பாதை கிடைக்காமல் பாடியின் வோல்ட் மேலே ஏறும். நடு வயர் 12-இலேயே நிற்கும். பாடி 12-ஐத் தாண்டிவிட்டால் ஆடியோவுக்குப் பாசிட்டிவ் எது, நெகட்டிவ் எது என்பது தலைகீழாகிவிடும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு கடத்த ஆரம்பித்து ஃபியூஸைப் போக்கும். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் செட்டே போகும்.

சோதனை எளிது. ஆடியோ வயரைக் கழற்றிவிடுங்கள். சிவப்பு முள்ளைக் கீழ் பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பு முள்ளைப் பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பிலும் வைத்து, எஞ்சின் ஓடாதபோது ஹெட்லைட்டைப் போடச் சொல்லுங்கள். 12 அப்படியே நிற்க வேண்டும். மீட்டரில் மைனஸ் வந்தால் எர்த் முழுதாகவே அறுந்துவிட்டது. பாதி விட்ட எர்த்தைப் பிடிக்க வேறு அளவு வேண்டும்: கறுப்பு முள் கீழ் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையில், கிளாம்பில் அல்ல, சிவப்பு முள் பாடியில். ஹெட்லைட் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேலோ, செல்ஃப் அடிக்கும்போது 0.5-க்கு மேலோ காட்டினால் கேபிளைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும்.

கன்வெர்ட்டர் கொதிக்கிறது, அல்லது அணைந்து அணைந்து வருகிறது

எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கனமான அலுமினியப் பெட்டியாக மலிவாகக் கிடைப்பவற்றில் சில, மிச்ச வோல்ட்டைச் சூடாக்கியே தள்ளும் பழைய வகை. 28 வோல்ட்டை 13 ஆக்கி 5 ஆம்பியர் கொடுத்தால் 15 வோல்ட் மிச்சம். 75 வாட் வெப்பம். சின்ன சால்டரிங் அயர்ன் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்ததற்குச் சமம். எந்த வகை என்று தெரிந்துகொள்ள உள்ளே போகும் கரண்டை அளந்தால் போதும். வெளியே 5 ஆம்பியர் போகும்போது உள்ளேயும் 5 போனால் பழைய வகை. 3-க்குக் கீழே போனால் சுவிட்சிங் வகை. சுவிட்சிங் வகையைத்தான் வாங்க வேண்டும்.

நல்ல கன்வெர்ட்டரும் படுக்கை மெத்தைக்கு அடியில் வைத்தால் அணையத்தான் செய்யும். அட்டையில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 6, 7-க்கு மேல் தொடர்ந்து எதிர்பார்க்காதீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு நொடி அணைந்து வருகிறதா? அது பெரும்பாலும் இயல்பு. ஆனால் அந்த நேரத்தில் மொத்த வோல்ட் 19-க்கும் கீழே இறங்குகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். தனித்தனியாக அளந்தால் ஒன்று 10.5-இல் நிற்க, இன்னொன்று 7-க்கு விழுவது தெரியும்.

12 வோல்ட் சாமான் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது

மூடியில்லாத வெறும் போர்டாக விற்கிற கன்வெர்ட்டர்களில் இது வரும். உள்ளே இருக்கும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகிச் செத்தால் 28 வோல்ட் நேராக வெளியீட்டுக்கு வந்துவிடும். ஆடியோ, கேமரா, எல்இடி எல்லாம் ஒன்றாகப் போகும். வெளியீட்டில் ஓவர்வோல்டேஜ் கட்-ஆஃப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஹெட்லைட் உட்பட 24 வோல்ட் பல்புகளும் சேர்ந்தே போயிருந்தால் கதை வேறு. டைனமோ ரெகுலேட்டரைப் பாருங்கள். மொத்தம் 30-ஐத் தாண்டியிருக்கும்.

ஃபேன் மந்தமாகச் சுற்றுகிறது

வயர் மெலிசு. 10 ஆம்பியரை 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் கொண்டுபோனால், போக வர 10 மீட்டரில் 0.7 வோல்ட் காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.44. கன்வெர்ட்டரைப் பேட்டரிப் பெட்டியில் வைக்காமல் கேபினில், சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்தால் நீளமான ஓட்டம் 24 வோல்ட்டில் நடக்கும். கரண்டு பாதி, இழப்பும் குறைவு. சில்க் போர்டு நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது மட்டும் மந்தமானால் வயரைக் குறை சொல்ல வேண்டாம். அந்த வேகத்தில் டைனமோ கொடுப்பது அவ்வளவுதான்.

பாட்டில் கீச்சென்ற சத்தம்

ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சத்தமும் ஏறி இறங்கினால் எர்த் கோளாறு. ஆடியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் தனித்தனி இடத்தில் பாடி எர்த் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் கழற்றிக் கன்வெர்ட்டரின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோங்கள். சத்தம் எஃப்எம்மில் மட்டும் வந்து, எஞ்சின் வேகத்தோடு மாறாமல் இருந்தால் அது கன்வெர்ட்டரின் இரைச்சல்; ஆன்டெனா வயரை அதிலிருந்து தள்ளி ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

12 வோல்ட் டெம்போவில் 24 வேண்டும் என்றால்

ஃபுட் டிரக் ஆக்குகிறவர்கள் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய 24 வோல்ட் மோட்டாரையோ ஃபேனையோ கொண்டுவந்து இப்படிக் கேட்பார்கள். வண்டியின் பேட்டரிமேல் இன்னொரு பேட்டரியைத் தொடராக ஏற்றி எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், அன்று சாயங்காலம் வரை. 14 வோல்ட் டைனமோ கீழே இருப்பதை மட்டும்தான் சார்ஜ் செய்யும். மேலே ஏற்றியது காலியாகிக்கொண்டே போகும். இங்கே 12-ஐ 24 ஆக்கும் ஸ்டெப்-அப் கன்வெர்ட்டர்தான் வழி. 24 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்தால் 12 வோல்ட் பக்கம் 11 ஆம்பியர் வரை இழுக்கும். உள்ளீட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸும் 4 சதுர மில்லிமீட்டர் வயரும் போடுங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்டு இதைப்போலச் சில மடங்கு இருக்கும் என்பதால், மோட்டாருக்குப் பெரிய கன்வெர்ட்டர் வாங்குவதைவிட 12 வோல்ட் மோட்டாராக மாற்றிக்கொள்வது பல நேரம் மலிவாக முடியும்.